பகுதி நேரப் பணியாளர் அமரும் முறை

ஸ்ரீ பொற்பாதம் சில்க்ஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ராமாமணிக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வருஷமாக நின்று பழகியவள்தான். ஆனால் அதெல்லாம் நிற்பதில் சேராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். கைகளை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொள்ள வேண்டும். ரேக்கில் சாயக் கூடாது. சாய்ந்தால் சரக்குக்கே களைப்பு வந்துவிட்டதாக வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். சிரிக்கும்போது பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. இதைப் பழக்கிக் காட்டிய பெண், ஈறு தெரியாமல் சிரிப்பதற்காகவே சென்னைக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்து வந்தவளாம்.

கடை காந்திபுரத்தில் ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு, ஜமக்காளம். ராமாமணியை அங்கேதான் போட்டார்கள். காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் நாலு வரை. சூலூரில் அவள் கணவன் சென்னகேசவன் விசைத்தறி வைத்திருந்தான். ஆர்டர் குறைந்து எட்டுத் தறியில் இரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரண்டையும் ஆள் வைக்காமல் அவனே பார்த்துக்கொண்டான். காலையில் சமையலை முடித்துவிட்டு பஸ் ஏறி, பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரலாம் என்பதால் இந்த வேலை அவளுக்குத் தோதாக இருந்தது. இதை விட்டால் வேறு வேலை அருகில் இல்லை என்பதும் இருந்தது.

பொற்பாதத்தில் வேலையாட்கள் என்று யாரும் கிடையாது, எல்லாரும் குடும்ப உறுப்பினர்கள். ராமாமணியின் அடையாள அட்டையில் ‘பகுதி நேரக் குடும்ப உறுப்பினர்’ என்று அச்சடித்திருந்தார்கள். சென்னகேசவன் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மீதி நேரத்துக்கு அவள் யார் குடும்பம் என்று கேட்டான்.

வேலை ஒன்றும் புரியாததல்ல. வருகிறவர்களுக்கு விரித்துக் காட்ட வேண்டும், போனபின் மடிக்க வேண்டும். முப்பது விரிப்பைப் பிரிக்கச் சொல்லிவிட்டு முதலில் காட்டியதையே எடுத்துப் போகிறவர்கள் வந்தார்கள். நாற்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கட்டிலே இன்னும் வாங்கவில்லை என்று சொன்னவர்களும் வந்தார்கள். துண்டு தண்ணீர் உறிஞ்சுமா என்று பார்க்க ஒரு வாத்தியார் தன் பாட்டிலைத் திறந்து மேஜைமேல் ஊற்றினார். உறிஞ்சியது. முழுத் திருப்தியோடு ஒரு தலையணை உறை வாங்கிக்கொண்டு போனார். இவர்கள் யார்மேலும் ராமாமணிக்கு வருத்தமில்லை. கால்தான் ஒத்து வரவில்லை. இரண்டு மாதத்தில் கெண்டைக்காலில் பச்சை நரம்பு கயிறுபோலச் சுருண்டுகொண்டது.

அந்த மாடியில் உட்கார இரண்டு சோபாக்கள் இருந்தன. அவை வாடிக்கையாளர்களின் கணவன்மாருக்கு. அவற்றில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று தனி விதியே உண்டு. மற்றபடி அந்தக் கட்டடத்தில் விற்பனை சம்பந்தப்பட்டு நாற்காலியில் உட்காருபவர் சேர்மன் ஒருவர்தான். அவருக்கு அந்த அனுமதி பெயரிலேயே இருந்தது.

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரத்தில் நாற்காலிகள் வந்தன. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பொற்பாதத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர இவ்வளவு நாளானது; தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒருவரின் கடிதத்தோடு வந்தது. ஒரே வேனில் அறுபத்து நாலு நாற்காலிகள் இறங்கின. எல்லாருமாகச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். புது வண்டிக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றார் சேர்மன். நாற்காலிக்குச் சக்கரம் இல்லாததால் எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்து, கால்களுக்கு அடியில் வைத்து நசுக்கினார்கள்.

மனிதவள மேலாளர் கிருபாசங்கர் மைக்கைப் பிடித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்தாம் மாடியில் இருப்பவர், கழுத்தில் டை, எதையும் கோபமில்லாமல் சொல்லக் கூடியவர். “உட்காருவது உங்க உரிமைங்க. அந்த உரிமைய நிர்வாகம் உங்களுக்காக வாங்கி, இதோ, இங்க கொண்டாந்து வச்சிருக்குது. இவ்வளவு மதிப்பான ஒரு உரிமைய யாராவது தினமும் எடுத்துப் பயன்படுத்துவாங்களா? பத்திரமா வச்சுக்கோணும்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நாற்காலிகளின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

உட்காரவே முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. ‘அமர்வு விண்ணப்பம்’ என்று ஒரு படிவம் இருந்தது. அது ஐந்தாம் மாடியில் கிடைக்கும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு என்பதால் படியில் ஏறி வாங்கி, இறங்கி வந்து மாடிச் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடி ஏறிக் கொடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘களைப்பு’ என்று எழுதக் கூடாது. எழுதினால் நிறுவனம் களைப்பாக்குகிறது என்று பொருள் வந்துவிடும். அனுமதி கிடைத்தாலும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வாடிக்கையாளர் யாரும் இருக்கக் கூடாது. மூன்றாம் மாடியின் முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் ‘வருங்கால வாடிக்கையாளர்கள்’ என்று படிவத்தின் பின்பக்கம் விளக்கம் போட்டிருந்தது.

முதல் மாதத்தில் அனுமதி பெற்றவர் ஒரே ஒருவர். நாலாம் மாடிப் பாத்திரப் பிரிவுக்காரர், படிவத்துக்காக ஏறி இறங்கியதில் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தவர். அவரையும் தரையில்தான் உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். நாற்காலிக்கான அனுமதி அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தது.

ராமாமணி விண்ணப்பம் எதுவும் போடவில்லை. ஒரு நாள் மத்தியானம் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலியில் ரேக்கைப் பிடித்தாள். மாடிச் சூப்பர்வைசர் திருமூர்த்தி, தலையில் பாதி நரைத்த மனிதர், அதைப் பார்த்துவிட்டார். யாரும் வரவில்லை, ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து எந்திரிங்க அக்கா என்று தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். உறை சரசரத்தது. கேமரா பார்த்தது.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. உட்கார்ந்தது குற்றமில்லை, வாய்மொழி அனுமதியின் பேரில் உட்கார்ந்ததுதான் குற்றம். கிருபாசங்கர் அவளை மேலே கூப்பிட்டு மெதுவாகவே விளக்கினார். “எழுத்துல இல்லாத உத்தரவு உத்தரவே இல்லீங்க அம்மா. திருமூர்த்தி சொன்னாருன்னு நீங்க உட்கார்ந்தா, நாளைக்கு அவர் சொல்லலைன்னுவாரு. அப்ப நீங்க எதுமேல உட்கார்ந்திருப்பீங்க?” ராமாமணிக்கு நாற்காலிமேல் என்றுதான் தோன்றியது. ‘இந்நிறுவனத்தில் எழுத்துப்பூர்வமான உத்தரவு மட்டுமே உத்தரவு என்பதை அறிவேன்’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு மெமோ வந்தால் வேலை நீட்டிப்புக் கிடையாது என்றார்கள். வீட்டுக்குப் போய் இதைச் சென்னகேசவனிடம் சொல்லாமல் படுத்துக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. அவளுடைய கோப்பைப் பார்த்தபோதுதான் நிர்வாகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த அம்மாள் பகுதி நேரம். பகுதி நேரம் வேலை செய்கிறவர் முழுசாக எப்படி உட்காரலாம்? இதை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று அமர்வுகள் கூடியது. அந்த அமர்வுகளுக்கு விண்ணப்பம் தேவைப்படவில்லை. முடிவில், பகுதி நேரக் குடும்ப உறுப்பினர்கள் பகுதி அளவு அமரலாம் என்று தீர்மானமானது.

பகுதி அளவு அமர்வது எப்படி என்று ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம், எல்லாரும் நின்றுகொண்டு கவனித்தார்கள். கிருபாசங்கரே செய்து காட்டினார். முழங்காலை மடக்கி மெல்லக் கீழே இறங்கி, நாற்காலியைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினார். “சேருக்கு நீங்க வந்திருக்கறது தெரியோணும். ஆனா அது உங்களத் தாங்கக் கூடாது” என்றார். சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார். நாற்காலியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் பகுதி அளவு அமரச் சொல்லி, சூப்பர்வைசர் தாளை இழுப்பார். தாள் வந்துவிட்டால் சரி. கிழிந்தால் முழு அமர்வு.

திருமூர்த்தி ஒவ்வொருவராகத் தாளை இழுத்துக்கொண்டு வந்தார். ராமாமணியின் தாள் வந்தது. அவள் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்லாச் செஞ்சீங்க அக்கா என்றார்.

பகுதி அளவு அமர்வதைவிட நிற்பது எவ்வளவோ தேவலை என்று எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. விண்ணப்பங்கள் அடியோடு நின்றன. மாதாந்திரக் கூட்டத்தில் கிருபாசங்கர் ஒரு வரைபடம் காட்டி, நாற்காலிகள் வந்தபின் குடும்ப உறுப்பினர்களின் களைப்பு பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதாகச் சொன்னார். சேர்மன் அவருக்குச் சால்வை போர்த்தினார். சால்வை மூன்றாம் மாடியிலிருந்துதான் போனது.

ராமாமணிக்குப் பக்கத்துத் துண்டுப் பிரிவில் லோகப்பிரியா நின்றாள். கணபதி ஏரியாவிலிருந்து வருகிற பெண், இருபத்து நாலு வயது, அவளும் பகுதி நேரம்தான். ஏழு மாதக் கர்ப்பம். பாதம் வீங்கித் தன் செருப்பு நுழையாமல் புருஷனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் புடவைக் கரையால் மறைத்துக்கொண்டு, கால் மாற்றி கால் மாற்றி நின்றாள். உட்காருகிறாயா என்று கேட்டால், வேலை போயிருமுங்க அக்கா, தலைச்சன் பிள்ளைக்கு ஒண்ணும் சேத்து வெக்கலீங்க என்பாள். பகுதி அளவு அமர அவளால் முடியாது. வயிறு முன்னால் இழுத்தது.

ஒரு புதன்கிழமை ராமாமணி தானே படிவத்தை நிரப்பி, லோகப்பிரியாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். கிருபாசங்கர் படிவத்தை முழுக்கப் படித்தார்.

“ரெண்டு பேருக்கு ஒரே ஃபார்ம் போட்டிருக்கறீங்களே” என்றார்.

“ஒரு பிள்ளைதானுங்க சார். லோகப்பிரியா.”

“உட்கார்ந்தா ரெண்டு பேரும்தானுங்களே உட்காருவாங்க. அம்மா நம்ம குடும்ப உறுப்பினரு, சரி. உள்ள இருக்கறவங்க நம்ம சம்பளப் பட்டியல்ல இல்லீங்க. ஐடி கார்டும் இல்ல. வெளியாள் நம்ம சேர்ல உட்கார்ந்து ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து ராமாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். பல்லும் தெரியவில்லை, ஈறும் தெரியவில்லை. அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. தன் மனைவி மாசமாக இருந்தபோது எட்டாவது மாதத்திலிருந்து படுத்த படுக்கைதான், சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை என்று சொன்னார். படிவத்தில் ‘கனிவுடன் பரிசீலனையில்’ என்ற முத்திரையைக் குத்தி ஒரு தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் ஏற்கெனவே நிறையத் தாள் இருந்தது. வேண்டுமானால் லோகப்பிரியா இப்போதே நின்றுகொள்ளட்டும், பிள்ளை பிறந்தபின் புதிதாக விண்ணப்பித்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவதாகவும் சொன்னார். வேலையை விட்டு நிற்பதைத்தான் நின்றுகொள்வது என்றார் என்று ராமாமணிக்குப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. கீழே காத்திருந்தவளிடம், பாக்கறாங்களாம் கண்ணு என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஆய்வாளர் வருகிற தேதி தெரிந்தது. வியாழக்கிழமை. புதன் சாயங்காலமே ஒவ்வொரு மாடியிலும் சுற்றறிக்கை ஒட்டினார்கள்.

‘குடும்ப உறுப்பினர்கள் அனைவரும், முழு நேரம் பகுதி நேரம் என்ற வேறுபாடின்றி, நாளை முதல் மறு உத்தரவு வரும் வரை முழுமையாக அமர்ந்திருக்க வேண்டும். எழுத்துப்பூர்வமான உத்தரவின்றி எழுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே கிருபாசங்கரின் கையெழுத்து, கடையின் வட்ட முத்திரை. ஆய்வாளரின் கோப்பில் வைக்க ஒரு நகலும் தயாரானது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ராமாமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். உறைகளை எல்லாம் கிழித்து எடுத்திருந்தார்கள். காலிலிருந்து பாரம் இறங்கியபோது, இத்தனை நாள் அங்கே ஒரு வலி இருந்தது என்பதே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் லோகப்பிரியா கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். பத்து நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்து தூங்கிப் போனாள்.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்து, ஈறு தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, யாராவது இறந்துவிட்டார்களோ என்று இரண்டு பேர் வாசலோடு திரும்பினார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து ராசாத்தாள் என்று ஒரு அம்மாள் வந்தாள். அறுபது வயது, சொந்தத் தறிக்காரி. மகன் கல்யாணத்துக்குச் சொந்தபந்தத்துக்கெல்லாம் போர்வை கொடுக்க வேண்டுமாம், ஒரு முழுநீளப் பட்டியல் கையில். மேல் ரேக்கிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னாள். திருமூர்த்தியும் உட்கார்ந்துதான் இருந்தார். எழ முடியாது, தயவு செய்து நீங்களே எடுத்துக்கோங்க என்றார். ராசாத்தாள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, கடையோட எல்லாருமா ஏதாச்சும் வேண்டுதலுங்களா?”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நுழைந்தாள். போர்வைகளை எடுத்துப் பிரித்து, விரலிடுக்கில் தேய்த்து, இது ரெண்டு சலவைக்குத் தாங்காது, இது தேவலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண், அப்ப எனக்கு எதுங்க எடுக்கலாம் என்று கேட்டாள். அவளுக்கும் எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ராசாத்தாளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

ஆய்வாளர் ஒரு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, பின்னால் கிருபாசங்கர். நாற்காலிகளை எண்ணினார். நாற்காலிக்கு நாலு கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ராமாமணியிடம், தினமும் இப்படித்தான் உட்காருவீங்களாம்மா என்று கேட்டார்.

கிருபாசங்கர் அவர் தோளுக்கு மேலே சிரித்தார். இரண்டு தறியும் சென்னகேசவனும் மனசில் வந்துபோனார்கள். ஆமாங்க என்று ஒரு சொல் போதும். பக்கத்தில் தூங்குகிறவளைப் பார்த்தாள். புருஷனின் செருப்பு ஒன்று காலிலிருந்து கழன்று கீழே கிடந்தது.

“இல்லீங்க சார். இன்னைக்குத்தானுங்க உக்காந்திருக்கறோம். எங்களுக்குப் பாதி உக்காரத்தானுங்க அனுமதி” என்றாள். படிவம், ஐந்தாம் மாடி, வெள்ளைத் தாள், வயிற்றுப் பிள்ளைக்கு ஐடி கார்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

ஆய்வாளர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கையிலிருந்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன நாற்காலின்னு எழுதக் கட்டம் இருக்குதும்மா. உறுதியா இருக்குதான்னு இருக்குது. உட்கார்ந்தாங்களான்னு எழுதக் கட்டம் இல்லீங்களே” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். தேய்மானம் என்ற கட்டத்தில் ‘சிறிதும் இல்லை’ என்று எழுதினார். சுற்றறிக்கையின் நகலைப் படித்துப் பார்த்து, ரொம்பத் தெளிவா எழுதியிருக்கறீங்க என்று கிருபாசங்கரைப் பாராட்டி, தன் முத்திரையைக் குத்திக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் அவர் நின்றபடியே செய்தார். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன, அவருக்கு இடம் கொடுக்க எழ யாருக்கும் அனுமதியில்லை.

அவர் லிஃப்டில் இறங்கியதும் கிருபாசங்கர் இரண்டு முறை கை தட்டினார்.

“செரி, எல்லாரும் எந்திரிங்க.”

பாதிப் பேர் எழுந்தார்கள். ராமாமணி எழவில்லை. எதிர்க்க வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. ஆய்வாளரிடம் பேசியதற்கு என்ன நடக்கப் போகிறதோ தெரியவில்லை. அதற்கு மேல் இன்னொரு மெமோ வாங்க அவளால் முடியாது.

“எழுதிக் குடுங்க சார்” என்றாள்.

“நான்தானுங்களே சொல்றேன்.”

“போன தடவ சொல்லிக் கேட்டதுக்குத்தானுங்க மெமோ குடுத்தீங்க. எழுத்துல இல்லாதது உத்தரவே இல்லைன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கறனுங்க.”

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி முதலில் உட்கார்ந்தார்.

எழுதுவது ஒரு நிமிஷ வேலை. கிருபாசங்கர் தாளை எடுத்து மேஜைமேல் குனிந்து, ‘இதனால் அனைவரும் எழுந்து நிற்குமாறு’ என்று ஆரம்பித்தார். அங்கேயே பேனா நின்றது. உட்காரச் சொல்லி எழுதிய தாள் முத்திரையோடு ஆய்வாளரின் பையில் போய்க்கொண்டிருந்தது. அதே நாளில் அதே கையெழுத்தில் நிற்கச் சொல்லி இன்னொரு தாள். அது யார் கையில் கிடைத்தாலும் அதன்மேல் பெயர் தன் பெயர். சேர்மனுக்குப் போன் செய்தார். சேர்மன் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் சேர்மனைப் போடச் சொன்னார். இருவருமே மற்றவருடைய அதிகாரத்தை மிகவும் மதித்துப் பேசினார்கள். போன் வைக்கப்பட்டது.

ஐந்தாம் மாடிக்குப் போய் அரை மணி நேரத்தில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ‘நான் என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலுமின்றி, நிற்கிறேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. முதல் தாளை ராமாமணியிடம் நீட்டினார். அவள் வேலை நீட்டிப்பு இந்த மாதம்தான் வருகிறது என்பதையும் குரலைத் தாழ்த்தி ஞாபகப்படுத்தினார்.

ராமாமணி இரண்டு தரம் படித்தாள்.

“இதுல விருப்பம்னு போட்டிருக்குதுங்க சார். எனக்கு விருப்பம் இல்லீங்களே. பொய்க் கையெழுத்துப் போட்டுப்போட்டா அதுக்கும் மெமோ வருமுங்க.”

கிருபாசங்கர் தாளோடு அப்படியே நின்றார். அந்த மாடியில் அப்போது கடைக்காரர்கள் பக்கம் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். டை வேறு கட்டியிருந்தார். ராசாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க தம்பி, சும்மாத்தான நிக்கிறீங்க. அந்த மேல இருக்கற நீலத்தக் கொஞ்சம் எடுங்க.”

அவர் தான் மேலாளர் என்று சொல்ல வாயெடுத்தார். ரொம்ப நல்லதுங்க, அப்ப உயரமாத்தான் இருப்பீங்க, எடுங்க என்றாள். எடுத்தார். பிரிக்கச் சொன்னாள். பிரித்தார். பச்சை கேட்டாள், கட்டம் போட்டது கேட்டாள், கட்டம் கொஞ்சம் சின்னதாகக் கேட்டாள். முப்பது போர்வை பிரிந்த பிறகு நீலத்தையே எடுத்துக்கொண்டாள். அதற்குள் மற்றவர்களும் அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கட்டில் வாங்காத ஒருவர் வந்தார். உறிஞ்சுமா என்று ஒருவர் பாட்டிலைத் திறந்தார். மூன்று மணிக்குக் கிருபாசங்கர் டையைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். மூன்றேகாலுக்கு ரேக்கில் சாய்ந்திருந்தார். போர்வையின் நாலு மூலையையும் சேர்க்கத் தெரியாமல் அவர் தவித்தபோது திருமூர்த்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே, மொதல்ல நீளவாக்குல மடிங்க சார் என்று சொல்லிக் கொடுத்தார்.

மூன்றரைக்குச் சேர்மன் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் அந்த மாடிக்கு வந்து வருஷங்கள் ஆகியிருக்கும். பில் போடுகிற இடத்தில் மூன்றாம் மாடிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களையும், கழுத்தில் போர்வையோடு நின்ற கிருபாசங்கரையும், வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கிருபா, இத்தன வருஷமா மேல உட்கார்ந்து என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?”

“பாலிசி எழுதிட்டிருந்தனுங்க சார்.”

“இவ்வளவு நல்லா விக்கத் தெரிஞ்ச ஆள மேல வச்சுப் பாழாக்கிப்போட்டனே” என்று சேர்மன் உண்மையாகவே வருந்தினார். இனி தினமும் இங்கேயே இருக்கச் சொன்னார். ஐந்தாம் மாடியில் இன்னும் ஆறு பேர் உண்டல்லவா, அவர்களையும் மற்ற மாடிகளுக்கு இருவர் இருவராக இறக்கிவிடச் சொன்னார். கிருபாசங்கர் அந்த எழுதி முடிக்காத தாளை, கையெழுத்துக்கு இடம் விட்டு, அவரிடம் நீட்டினார். சேர்மன் அதைப் படித்துவிட்டு, யாரோ வீட்டுக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்திருந்தவர்போலப் பத்திரமாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

ராமாமணியின் வேலை நீட்டிப்பைத் தடுக்கக் கிருபாசங்கர் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எழுத உட்கார வேண்டும். மறு உத்தரவில் யாரும் கையெழுத்துப் போடாததால் மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலியும் காலியாக இல்லை. அந்த மாதம் நீட்டிப்புக் கோப்பு எந்தக் குறிப்பும் இல்லாமல், தன்பாட்டுக்குப் போய், தன்பாட்டுக்கு ஒப்புதலாகி வந்தது.

அந்த வியாழக்கிழமை நாலு மணி அடித்ததும் ராமாமணி எழுந்தாள். அது அவள் வேலை முடிகிற நேரம், அதற்கு உத்தரவு தேவையில்லை. லோகப்பிரியாவைத் தொட்டு எழுப்பினாள். அந்தப் பெண் திடுக்கிட்டு, தூங்கிட்டனுங்களா அக்கா, யாராச்சும் பாத்தாங்களா என்று கேட்டாள். எல்லாரும் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றாள் ராமாமணி. கீழே கிடந்த செருப்பைக் குனிந்து எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டாள். இருவரும் மெதுவாகப் படி இறங்கினார்கள்.

சூலூர் பஸ் காலியாக இருந்தது. ஜன்னலோர சீட்டுகள் எல்லாமே அப்படியே கிடந்தன. ராமாமணி நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்கெட் கிழித்த கண்டக்டர், இவ்வளவு சீட்டு இருக்குதே, உட்காருங்களேம்மா என்றார்.

“இருக்கட்டுங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டு வாரனுங்க” என்றாள்.

சிங்காநல்லூர் தாண்டியும் நின்றுகொண்டுதான் இருந்தாள். திறந்த ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது.